‘அவசர’ என்றால் அவசரமா?

வவுனியா தாண்டி ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஏ9 வீதியால் வடக்கே வந்தால், காட்டோரங்களில் ஒரு வகைப் பலகை அடிக்கடி கண்ணில் படும். மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். சிங்கள எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த, ஆனால் மொழி விளங்காத ஒரு பிள்ளை மேல் வரியை உரக்க வாசித்தால் ஏறக்குறைய இப்படிக் கேட்கும்: “அவசர நொமெத்திவ எத்துளுவீம தஹனம்.” தமிழ்க் காதுக்கு அதில் இரண்டு சொல் பிடிபடும். அவசரம், தகனம். ஏதோ சுடலை அலுவல், அதையும் அவசரப்படாமல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்தால் அதைக் குறை சொல்ல ஏலாது.

பலகை சொல்வது வேறு. சிங்களத்தில் ‘அவசர’ என்றால் அனுமதி. ‘தஹனம்’ என்றால் தடை. அனுமதி இல்லாமல் உள்ளே வருவது தடைசெய்யப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் இந்த இரண்டு சொல்லும் நம்மை ஏமாற்றுகிற விதம் ஒன்றல்ல. சிங்கள ‘அவசர’வும் தமிழ் ‘அவசர’மும் உண்மையிலேயே ஒரே சொல், ஒரு வீட்டிலிருந்து பிரிந்து போனவை. ‘தஹனம்’ அப்படியில்லை. எரித்தல் என்ற பொருளில் சிங்களத்தில் ‘தஹனய’ என்று வேறொரு சொல் இருக்கிறது. அதன் முதலெழுத்து மெலிந்து ஒலிக்கும், தடைச் சொல்லின் முதலெழுத்து வலித்து ஒலிக்கும். சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் இரண்டையும் ஒரே ‘த’வில்தான் எழுத வேண்டும், அதனால் நமக்கு இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. வேறு மொழிச் சொல்லைக் கேட்டு “இது நம்ம சொல் மாதிரி இருக்கே” என்று தோன்றும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒரே சொல் பிரிந்து போய்ப் பொருள் மாறியதா, இல்லை வேறு வேறு சொற்கள் ஒலியில் வந்து முட்டிக்கொண்டனவா?

பள்ளிக்கூடத்தில் ‘பல பொருள் குறித்த ஒரு சொல்’ என்று படித்திருப்போம். திங்கள் என்றால் நிலவு, மாதம், கிழமை. அது ஒரு மொழிக்குள்ளே நடப்பது. இங்கே பார்ப்பது மொழி கடந்து நடப்பது. அடிப்படை ஒன்றுதான்: ஒலிக்கும் பொருளுக்கும் இடையில் இயற்கையான கட்டு எதுவும் இல்லை. ஊர் கூடி ஒப்புக்கொண்ட பழக்கம் மட்டும்தான் இருக்கிறது. காரணம் தெரியாமல் வழங்கும் பெயரை நம் இலக்கணக்காரர் இடுகுறி என்றார்கள். “மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா” என்கிறது தொல்காப்பியம். சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்த உடனே தெரியாது. ஊர் மாறினால் ஒப்பந்தமும் மாறும்.

முதலில் ‘அவசர’த்தையே எடுப்போம், ஏனென்றால் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். சமஸ்கிருதத்தில் ‘அவசர’ என்றால் சந்தர்ப்பம், தக்க நேரம். இந்தியில் ‘அவ்சர்’ என்றும் மலையாளத்தில் ‘அவசரம்’ என்றும் அது வாய்ப்பைக் குறிக்கிறது. தெலுங்கில் தேவை. கன்னடத்திலும் தமிழிலும் விரைவு, பதற்றம். சிங்களத்தில் அனுமதி. முதல் பார்வைக்கு ஒட்டாத பொருள்கள் போலத் தெரிந்தாலும் எல்லாம் ‘தக்க நேரம்’ என்ற கருவிலிருந்து கையெட்டும் தூரத்தில்தான் நிற்கின்றன. தக்க நேரம் வாய்த்தால் அது வாய்ப்பு. அந்த நேரம் கையைவிட்டுப் போகிறதென்றால் அவசரம். நேரம் ஒன்றைக் கேட்டு நிற்கிறதென்றால் தேவை. பெரியவர் ஒருவரிடம் போய் “இது தக்க நேரமா?” என்று கேட்டால் அது அனுமதி கேட்பது.

இப்போது ஒரு தமிழ் வியாபாரி தெலுங்கு வியாபாரியிடம் சரக்கு வேண்டுமா என்று கேட்கிறார் என்று வையுங்கள். “அவசரம் லேது” என்கிறார் அவர். வேண்டாம் என்பது அதன் அர்த்தம். அவசரமில்லை, ஆறுதலாக அனுப்பலாம் என்று நம்மாள் விளங்கிக்கொண்டு, சரக்கைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார். இரண்டு பேருக்கும் பிழை விட்டதாகவே தோன்றாது. இந்த விஷயத்தில் நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான். பொருள் வெகுதூரம் விலகிப்போன சொல் ஆபத்தில்லாதது, சிரிப்பு வந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். பொருள் கிட்டக்கிட்ட இருக்கிற சொல்தான் ஆளைக் கவிழ்ப்பது. எந்த அர்த்தத்தில் எடுத்தாலும் வசனம் சரியாகவே ஓடும்.

அடுத்தது கச்சேரி. “கச்சேரியில ஒரு அலுவல் இருக்கு” என்று முல்லைத்தீவில் ஒருவர் சொன்னால் காணி உறுதியோ, ஓய்வூதியமோ, அனர்த்த நிவாரணமோ என்று எல்லாருக்கும் விளங்கும். பலகையில் ‘மாவட்டச் செயலகம்’ என்று எழுதியிருந்தாலும் சனத்தின் வாயில் இன்னும் கச்சேரிதான். சிங்களத்திலும் ‘கச்சேரிய’ அதே கட்டடம்தான். இதே வசனத்தைச் சென்னையில் சொன்னால் “யார் பாடுறாங்க?” என்று கேட்பார்கள். இந்தியில் ‘கச்சஹரி’ என்றால் நீதிமன்றம், அலுவலகம். கன்னடத்தில் ‘கச்சேரி’ என்றால் இன்றும் சாதாரணமாக அலுவலகம்.

பல பேர் ஓரிடத்தில் கூடி, முறைப்படி உட்கார்ந்து நடத்துகிற காரியம் என்பதுதான் இந்தப் பொருள்களுக்கெல்லாம் பொது. அதில் அரசாங்கம் ஒரு முனையைப் பிடித்தது, சங்கீதம் மற்ற முனையைப் பிடித்தது. தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. மயிலாப்பூரில் கச்சேரி ரோடு என்று ஒரு தெரு உண்டு. சுற்றிவரச் சபாக்கள் உள்ள ஊரில் இருப்பதால் பாட்டால் வந்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். பழைய அலுவலகக் கச்சேரியால் வந்த பெயர் அது. அங்கே ஆட்சியர் அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம் என்று வேறு பெயர்கள் வந்து அலுவலகப் பொருளைத் தள்ளிவிட்டன. இலங்கையில் பிரிட்டிஷ் ஆட்சி முழுவதும் அரசாங்க அதிபரின் இடத்துக்குக் கச்சேரி என்பதே பெயராக நின்றது. 1796-இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பனி சில வருடம் அதை மதராசிலிருந்தே ஆண்டது என்பதை நினைத்தால், இந்தியாவின் வரி அலுவலகச் சொல் இங்கே புழங்கியதில் ஆச்சரியமில்லை. ‘பாட்டுக் கச்சேரி’ என்று நாங்களும் சொல்கிறோம்; கவனியுங்கள், முன்னால் ‘பாட்டு’ என்று ஒரு அடையாளம் ஒட்ட வேண்டியிருக்கிறது. அடைமொழி தேவைப்படாத பொருள் எதுவோ அதுவே அந்த ஊரில் அந்தச் சொல்லின் சொந்தப் பொருள்.

பள்ளி இன்னும் பெரிய கதை. அதன் பழைய தமிழ்ப் பொருள்களில் தங்குமிடமும் படுக்கையும் உண்டு. பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள், திருப்பள்ளியெழுச்சி எல்லாம் அந்தப் பொருளின் மிச்சம். மதுரைக்குக் கிட்ட மாங்குளம் என்றொரு ஊர் இருக்கிறது. (நம்ம மாங்குளச் சந்தி வேறு, பெயர் மட்டும் ஒன்று.) அங்குள்ள குகையில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டளவிலான தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டு அது. துறவிக்கு அமைத்துக் கொடுத்த அந்தக் கல் உறைவிடத்தை அதில் ‘பளிஇய்’ என்று வெட்டியிருக்கிறார்கள். நம்ம பள்ளிதான். துறவிகள் தங்கிய இடத்தில் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள், அந்த வழியில் பள்ளி கல்விக்குப் போனது. துறவிகள் இருந்த இடம் வழிபாட்டிடமும் ஆனது, அந்த வழியில் மதத்துக்குப் போனது.

இன்று தமிழ்நாட்டில் ‘பள்ளி’ என்றாலே பாடசாலை. வவுனியா சாளம்பைக்குளத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் “பள்ளிக்குப் போறன்” என்றால் தொழுகைக்கு. வன்னித் தமிழர் படிக்கிற இடத்தைப் பள்ளிக்கூடம் என்று கூடத்தையும் சேர்த்தே சொல்வோம். அரச கடிதங்களில் அது பாடசாலை, வித்தியாலயம். கேரளத்தில் ‘பள்ளி’ கிறிஸ்தவத் தேவாலயத்துக்கும் மசூதிக்கும் பொது. கொச்சியில் யூதரின் தொழுகைக்கூடம்கூட ‘ஜூதப்பள்ளி’. சிங்களத்தில் ‘பள்ளிய’ என்றால் முதலில் தேவாலயம், பிறகு மசூதி. இந்துக் கோயிலுக்கு அந்தச் சொல் வராது, அதற்கு ‘கோவில’ என்று தமிழிலிருந்து எடுத்த சொல் தனியாக இருக்கிறது.

மடுவில் இது கண்முன்னே நடக்கும். ஆவணி 15 திருவிழாவுக்கு நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து சிங்களக் கத்தோலிக்கரும், வன்னி, யாழ்ப்பாணம், மன்னாரிலிருந்து தமிழ்க் கத்தோலிக்கரும் வந்து ஒரே மரநிழலில் கூடாரம் அடிப்பார்கள். தமிழருக்கு அது மடுக்கோயில். சிங்களவருக்கு ‘மடு பள்ளிய’. நமக்குக் கோயில் என்பது விசாலமான சொல். வற்றாப்பளை அம்மனும் கோயில்தான், மடு மாதாவும் கோயில்தான். சிங்களவருக்கு ‘கோவில’ என்றால் அம்மனோ பிள்ளையாரோ முருகனோ இருக்கிற இடம் மட்டும். மன்னார் வீதியில் வழி கேட்கிற சிங்கள யாத்திரிகரிடம் கை காட்டி “கோவில் அந்தப் பக்கம்” என்றால் அவர் தயங்குவார். சொல் விளங்காமல் வந்த தயக்கம் இல்லை அது. நன்றாக விளங்கியதால் வந்தது.

பள்ளி வடக்கே போய் ஊராகவும் ஆகிவிட்டது. தெலுங்கில் ‘பல்லெ’ என்றால் கிராமம், கன்னடத்தில் ‘ஹள்ளி’ என்றால் கிராமம். பெங்களூரில் கணினி வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள் நாளாந்தம் உச்சரிக்கிற மாரத்தஹள்ளியில் இருப்பது நம்ம பள்ளிதான். எப்படி நிச்சயமாகச் சொல்கிறோம்? ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாது, கூட்டமாகப் பார்க்க வேண்டும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பாம்பு, ஹாவு. பூ, ஹூ. பெயர், ஹெசரு. தமிழில் ‘ப’வில் தொடங்குகிற இடத்தில் கன்னடம் திரும்பத் திரும்ப ‘ஹ’ போடுகிறது. இப்படி ஒழுங்காக வரிசை கட்டி வந்தால் உறவு உண்டு. ஒரே ஒரு சோடி மட்டும் அழகாகப் பொருந்தி, பக்கத்துச் சொற்கள் எதுவும் பொருந்தாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். இணையத்தில் “தமிழ்ச் சொல்தான் உலகமெங்கும்” என்று சுற்றுகிற பட்டியல்களில் முக்கால்வாசி இந்தச் சோதனையில் விழுந்துவிடும். நமக்கு ‘நீ’, சீனருக்கும் ‘நீ’. பொருளும் ஒன்று, ஆனால் தற்செயல். அவுஸ்திரேலியப் பழங்குடி மொழிகளில் ஒன்றான ம்பபராமில் நாயை ‘டொக்’ என்றே சொன்னார்கள். ஆங்கிலத்தோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

தற்செயல் மோதல்களை வேகமாகப் பார்த்துவிடலாம், இவற்றில் விளக்கம் குறைவு, பகிடி அதிகம். வவுனியாச் சந்தையில் ஒரு சிங்கள அம்மா “மல்லி, மல்லி” என்று கூப்பிட்டால் கொத்தமல்லி கேட்கவில்லை. சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. கடைக்காரப் பொடியனைத்தான் கூப்பிடுகிறா. சாரதி ஒருவர் போனில் “ஹரி, ஹரி” என்று சொல்லிக்கொண்டு போனால் பெருமாளை நினைக்கவில்லை, சரி சரி என்கிறார். மலாய் மொழியிலோ ‘ஹரி’ என்றால் நாள். ‘கிரி’ நமக்கு மலை, சிங்களத்தில் பால். கிரிபத் என்பது பாற்சோறு. சிங்களத்திலும் மலைக்கு ‘கிரி’ உண்டு, சீகிரியாவில் இருப்பது அதுதான், ஆனால் அங்கே ககரம் மெலிந்து ஒலிக்கும். தமிழில் எழுதும்போது மலையும் பாலும் ஒன்றாகிவிடும். தகனத்துக்கு நடந்தது இங்கேயும் நடக்கிறது. தமிழ் எழுத்து வல்லினத்தில் சிக்கனம் பிடிக்கிறது. நம் சொற்களுக்கு அது போதும், பிறமொழிச் சொற்களைக் கொண்டுவந்து எழுதும்போது இல்லாத உறவுகளையும் உண்டாக்கிவிடுகிறது.

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. இரவலும் இல்லை, தற்செயலும் இல்லை. குழந்தை வாயில் பிறக்கிற சொற்கள்: அம்மா, அப்பா, மாமா, தாத்தா, நானா. உதட்டை மூடித் திறந்தால் ம, ப. நாக்கைப் பல்லில் தட்டினால் த, ந. உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் முதலில் வசப்படுகிற ஒலிகள் இவைதான். குழந்தை சும்மா “ம்மா ம்மா” என்று உளறும். என்னைத்தான் கூப்பிடுது என்று பெரியவர்கள் முடிவு கட்டுவார்கள். மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் இதை அப்படித்தான் விளக்கினார். ஒலி எல்லா இடத்திலும் ஒன்று, அதை யார் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் வித்தியாசம். தமிழிலும் சிங்களத்திலும் இந்தியிலும் மாமா என்றால் மாமன். ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் தாய். ஜோர்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தகப்பன்; தாய்க்கு அங்கே ‘தேதா’. மலேசியாவில் ‘மாமாக்’ என்றால் தமிழ் முஸ்லிம்களையும் அவர்களுடைய சாப்பாட்டுக் கடையையும் குறிக்கும். அது நம்ம மாமா கடல் கடந்து போனது, ஆகவே அது இரவல் கணக்கில் சேரும்.

வன்னியில் இந்த வகைக்குப் பொருத்தமான சொல் தாத்தா. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் தாத்தா என்றால் பாட்டன். உள்ளூர்க் குடும்பங்களில் அப்பு, அப்பப்பா, அம்மப்பா என்பார்கள், தாத்தா என்றாலும் பாட்டன்தான். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா; பாட்டனுக்கு ‘சீயா’. முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி, அக்கா. ராத்தா என்றும் சொல்வார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் பாட்டன். சமஸ்கிருதத்தில் ‘தாத’ என்றால் தந்தை, ஆனால் இளையவரைச் செல்லமாகக் கூப்பிடவும் அதே சொல்தான்; கீதையில் கண்ணன் அர்ச்சுனனை அப்படி ஓரிடத்தில் விளிக்கிறான்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒருவர் “தாத்தாவுக்குக் கடும் வருத்தம்” என்கிறார். கேட்கிற தமிழருக்கு எழுபது எண்பது வயதுக் கிழவர் கண்ணில் வருவார். சிங்களவருக்கு ஐம்பது வயதுத் தகப்பன். முஸ்லிமுக்கு இளம்பெண்ணாகவும் இருக்கலாம். மூன்று பேரும் ஒரே அளவு கவலையோடு தலையாட்டுவார்கள், மூன்று பேர் மனதிலும் மூன்று நோயாளி. மல்லி மாதிரி இது உடனே பிடிபடாது. எல்லாமே சொந்தக்காரர், எல்லாருக்கும் வருத்தம் வரும். பழக்கப்பட்டவர்கள் அதனால்தான் ஒரு கேள்வி கூடக் கேட்பார்கள்: “எத்தனை வயசு?”

நானாவையும் விட்டுவிட முடியாது. முஸ்லிம்களிடம் நானா என்றால் அண்ணன். கடைக்காரர் முஸ்லிமென்றால் தமிழரும் சிங்களவரும்கூட “நானா” என்றே கூப்பிடுவார்கள், அவர் தங்களைவிட இளையவராக இருந்தாலும். இந்தியில் நானா தாயின் தகப்பன். தெலுங்கில் ‘நான்ன’ தகப்பன். செய்யுள் தமிழில் நானா என்றால் பலவகை. சிங்களத்தில் ‘நானவா’ என்றால் குளிப்பது. இது இந்தக் கூட்டத்தில் சேராத தற்செயல்.

கடைசியாக, இந்த நிலத்தின் பெயரே. வன்னி என்றால் தமிழில் ஒரு மரம். விஜயதசமி மானம்பூவில் வன்னிவாழை வெட்டுவார்களே, அந்த வன்னி. இலக்கியத்தில் நெருப்பு, அது சமஸ்கிருத ‘வஹ்னி’யின் தமிழ் உருவம், மரத்தோடு ஒலியில் வந்து சேர்ந்துகொண்டது. கன்னடத்தில் அந்த மரம் ‘பன்னி’. நம்ம ‘வ’ அங்கே ‘ப’வாக, மெலிந்த ஒலியில், வருவது வழமைதான்: வா அங்கே பா, வேர் அங்கே பேரு, வில் அங்கே பில்லு. மைசூர்த் தசராவில் பன்னி மரத்துக்குப் பூசை. அதே ‘பன்னி’ கன்னடத்தில் “வாருங்கள்” என்ற மரியாதை அழைப்பும்கூட. சிங்களத்தில் ‘வன்னிய’ நம்முடைய எல்லையோடு நிற்பதில்லை. குருநாகல் பக்கத்தில் வன்னி ஹத்பத்துவ என்று ஒரு பகுதியே உண்டு. வேடர்கள் தங்களை ‘வன்னியல எத்தோ’ என்கிறார்கள், காட்டில் வாழ்பவர்கள் என்று பொருள்.

ஒரு மொழிக்குள்ளே, ஒரு மாகாணத்துக்குள்ளே பார்த்தாலும் வன்னி ஒன்றில்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும். கிளிநொச்சி அதற்குள் வராது. இரணைமடுத் தண்ணியில் வயல் செய்கிறவர் தன்னை வன்னி ஆள் என்றுதான் சொல்வார், ஆனால் அவருடைய வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு. மன்னார்த் தீவில் மீன்பிடிக்கிறவரைக் கேட்டால் தான் மன்னார் ஆள் என்பார்; அவருடைய வாக்கு வன்னிக்கு.